பல் கோயிலுக்குப் போன நாள்

எனக்கு எட்டு வயது நடந்த கோடை விடுமுறையில், மேல்வரிசைப் பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்த சமயத்தில், நாங்கள் கண்டிக்குப் போனோம். திருப்பூருக்குப் பக்கத்தில் நெருப்பெரிச்சல் என்கிற எங்கள் ஊரில், எங்கள் தெருவில் அதற்கு முன் யாரும் விமானம் ஏறியதில்லை. ஊட்டி, கொடைக்கானல், மிஞ்சிப்போனால் மூணாறு. அதனால் ஒரு வாரம் முன்பிருந்தே நான் தெரு முழுக்கச் சொல்லி வைத்துவிட்டேன். கண்டி என்றால் திட்டு என்று அர்த்தம், அந்த ஊரில் எல்லோரும் ரொம்பக் கண்டிப்பாக இருப்பார்கள், சத்தமாகப் பேசினால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று எதிர்வீட்டுப் பெண்ணுக்கு நானே விளக்கமும் கொடுத்தேன். அவள் நம்பினாள். சொல்லச் சொல்ல நானும் நம்பிவிட்டேன்.

அப்பா நிட்டிங் மெஷின் ஃபிட்டர். பனியன் துணி ஓட்டுகிற அந்த வட்டமான மெஷினில் ஆயிரக்கணக்கில் ஊசிகள் இருக்கும். ஒரு ஊசி உடைந்தாலும் துணி நெடுகக் கோடு விழும். இருபது மெஷின் ஒரே சமயத்தில் ஓடுகிற ஷெட்டின் வாசலில் நின்றபடியே, "ஏழாவதுல ஊசி போயிருச்சு பாருங்க" என்று அப்பா சொல்லிவிடுவார் என்று கம்பெனியில் பெருமையாகப் பேசிக்கொள்வார்கள். முதலாளியின் சிநேகிதர் ஒருவர் கொழும்புக்குப் பக்கத்தில் புதிதாக நிட்டிங் கம்பெனி தொடங்கியபோது, மெஷின்களைப் பூட்டி ஓடவிட்டு, அங்கிருக்கும் ஆட்களைப் பழக்கிவிட்டு வரும்படி முதலாளி அப்பாவை மூன்று மாதம் அனுப்பினார். பள்ளிக்கூடம் லீவு விட்டதும் அம்மாவும் நானும் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வருவதாக ஏற்பாடு.

முதலாளி அப்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அப்பா பிறந்ததே அந்த நாட்டில்தான். கண்டிக்கு மேலே மலையில் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே வேலை செய்த தமிழர்களில் இத்தனை பேர் இந்தியாவுக்கு, இத்தனை பேர் அங்கேயே என்று இரண்டு அரசாங்கங்களும் பேசிப் பிரித்துக்கொண்ட காலத்தில், அப்பாவைப் பெற்றவர்களுக்கு இந்தியா என்று வந்தது. ஏழு வயது அப்பாவைக் கூட்டிக்கொண்டு கப்பலில் ராமேஸ்வரம் வந்து இறங்கி, நீலகிரியில் ஒரு தேயிலைத் தோட்டத்திலேயே மறுபடி வேலைக்குச் சேர்ந்தார்கள். அப்பாவுக்குப் பன்னிரண்டு வயது மூத்த அக்கா ஒருவர் இருந்தார். அவருக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்கு அந்த நாடு என்று வந்ததால் அவர் அங்கேயே நின்றுவிட்டார்.

இதையெல்லாம் அப்பா எங்களுக்கு உட்கார வைத்துச் சொன்னதில்லை. அம்மா பல்லடத்துக்காரி. தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்ததால் எதையும் உரக்கக் கேட்டுத் தெரிந்துகொள்கிற பழக்கம் அவளுக்கு. அவள் அப்போதைக்கப்போது கேட்டுக் கேட்டுச் சேர்த்த துண்டுகள்தான் இவ்வளவும். மற்ற எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிற அப்பா, அக்காவைப் பற்றிக் கேட்டால் மட்டும் எழுந்துபோய் மோட்டார் போட்டுவிட்டு வருவார். தண்ணீர்த் தொட்டி நிறைந்திருந்தாலும் போடுவார்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் ஃபோனில் அம்மா கேட்டாள், அக்காவைப் போய்ப் பார்க்கலாமா என்று. தோட்டத்துக்குப் போகிற ரோடு சரியில்லை, அங்கே இப்போது யாரும் இல்லை என்றுதான் கேள்வி, வேண்டுமானால் கண்டியில் புத்தருடைய பல்லை வைத்திருக்கிற கோயில் இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டு வரலாம் என்று அப்பா சொன்னார். அம்மா "சரிங்க" என்று வைத்துவிட்டாள். அன்று சாயங்காலமே காதர்பேட்டை பனியன் கடைகளுக்குப் போய் ஒரு பை நிறைய டீ-ஷர்ட் வாங்கி வந்தாள். அம்மா வேலை பார்ப்பது பனியன் கம்பெனியின் செக்கிங் செக்ஷனில். ஒரு இழை விட்டுப்போயிருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. ஒவ்வொன்றையும் விளக்கு வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்து, மடித்து, ஸ்மாலிலிருந்து டபுள் எக்ஸெல் வரை அடுக்கினாள். கொழும்பில் விற்கப்போகிறாளாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு அக்காவெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. ஒரு பல்லுக்காகக் கோயில் கட்டியிருக்கிறார்கள் என்ற செய்திதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அதுவும் என் பல் ஆடிக்கொண்டிருக்கிற நேரத்தில்!

கொழும்பு போய் மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலை ரயிலில் ஏறினோம். கொஞ்ச தூரம் சமதரையில் ஓடிய ரயில், பிறகு மலையைச் சுற்றிச் சுற்றி ஏறியது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் அடி தெரியாத பள்ளம். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து "அய்யோ, அய்யோ" என்று சந்தோஷமாகப் பயந்துகொண்டே வந்தாள். அப்பா எங்கள் இரண்டு பேரையும் பள்ளத்தைப் பார்க்க வைத்துவிட்டுத் தன் காலடியைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

கண்டி நான் நினைத்த மாதிரி இல்லை. யாரும் யாரையும் கண்டிக்கவில்லை. சுற்றிலும் மலை, நடுவில் ஒரு ஏரி, ஏரியைச் சுற்றி மேகம் மாதிரி வளைவு வளைவாகக் கட்டிய வெள்ளைச் சுவர். ஏரிக்கரையில்தான் அந்தக் கோயில். தலதா மாளிகை என்றார் அப்பா. உள்ளே போகிறவர்கள் எல்லோரும் வெள்ளை உடுத்தியிருந்தார்கள். சின்னக் குழந்தைகூட வெள்ளை கவுனில், இரண்டு கையிலும் தாமரையை ஏந்திக்கொண்டு போனது. அம்மா சிவப்புப் பட்டுச்சேலை கட்டியிருந்தாள். கோயிலுக்குப் போகிறோம் என்றால் அவளுக்கு அதுதான் தெரியும்.

வாசலில் பையைச் சோதிக்கும் பெண் போலீஸ் அம்மாவின் பையைத் திறந்து டீ-ஷர்ட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து மேஜைமேல் வைத்தார். விற்பனைக்கா என்று சிங்களத்தில் கேட்டார். அப்பா இல்லை என்று தலையாட்டிவிட்டு, அம்மாவிடம் திரும்பி, "இது யாருக்கு? கோயிலுக்கு ஏன் இதைத் தூக்கிட்டு வந்தே?" என்றார். ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று அடுக்கியிருந்ததை அப்போதுதான் அவர் பார்த்தார்.

"யாருக்காச்சும் ஆகுமுங்க" என்றாள் அம்மா. எல்லாவற்றையும் திரும்ப மடித்து வைத்தாள்.

உள்ளே மேளச் சத்தம். தலையில் வெள்ளைத் துணி கட்டிய ஆட்கள் வரிசையாக நின்று அடித்துக்கொண்டிருந்தார்கள். மரப்படி ஏறி மேலே போனால் கூட்டமான கூட்டம். ஆனால் நம் ஊர்க் கோயில் போல யாரும் யாரையும் இடிக்கவில்லை. நீண்ட மேடை முழுக்க அல்லியும் தாமரையும் கொட்டிக் கிடந்தன. வரிசை நகர்ந்து நகர்ந்து ஒரு சின்னத் திறப்புக்கு முன்னால் வந்தது. அப்பா என்னைத் தூக்கிக் காட்டினார். தூரத்தில், மஞ்சள் வெளிச்சத்தில், மணி வடிவத்தில் ஒரு தங்கப் பேழை தெரிந்தது. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். அதற்குள் அடுத்தவர் முறை.

"பல் எங்கே?" என்றேன்.

"அதுக்குள்ளே இருக்கு."

"தெறக்க மாட்டாங்களா?"

மாட்டார்கள் என்றார் அப்பா. ஏழு பேழைகள், ஒன்றுக்குள் ஒன்று, கடைசியில்தான் பல். இவ்வளவு தூரம் வந்தும் பல்லைக் காட்டாத ஏமாற்றத்தில் நான் உதட்டைக் கடித்து, நாக்கால் என் பல்லை ஓங்கி ஒரு தள்ளுத் தள்ளினேன். அது கழன்று வந்துவிட்டது. ரத்தம் மோவாயில் வழிந்து, கவுனில் சொட்டியது. வெள்ளை உடுத்திய அத்தனை பேருக்கு நடுவில் நான் "பல்லு! பல்லு!" என்று கத்தினேன். தமிழ் தெரியாதவர்கள்கூட என்ன நடந்தது என்று புரிந்துகொண்டு வழிவிட்டார்கள். அப்பா என்னை அள்ளிக்கொண்டு படியிறங்கினார்.

வெளியே வரிசையாகப் பூக்கடைகள், தகரக் கூரை போட்டவை. முதல் கடையில் இருந்த அம்மாள், வெள்ளைப் பாவாடையும் ஜாக்கெட்டும் போட்ட சிங்களத்தி, பூ மேல் தெளிக்க வைத்திருந்த செம்பைத் தூக்கி நீட்டினார். வாய் கொப்பளித்தேன்.

"பாப்பா, பல்லு விழுந்தா? நல்லது, நல்லது" என்றார் அரைகுறைத் தமிழில். சின்ன வயதில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் குடியிருந்ததாகவும், அங்கே தமிழ்ப் பிள்ளைகளோடு விளையாடிக் கற்றுக்கொண்டதாகவும் அவரே சொன்னார்.

பல்லைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டிருந்த அம்மாவுக்குப் பேச ஆள் கிடைத்துவிட்டது. "எங்கூர்ல சாணத்துல வெச்சுக் கூரை மேல போடுவோமுங்க" என்றாள். அந்த அம்மாள் சிரித்துவிட்டார். அவர்களும் கூரையில்தான் போடுவார்களாம். அணிலிடம் பழைய பல்லைக் கொடுத்துப் புதுப் பல் கேட்க வேண்டுமாம்.

எனக்குச் சட்டென்று ஒரு யோசனை தோன்றியது. தலதா மாளிகையின் தங்கக் கூரையை விரலால் காட்டினேன். அம்மா என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். பூக்கார அம்மாள் தன் கடையின் தகரக் கூரையைத் தட்டிக் காட்டி, "இங்க போடு, இங்கயும் அணில் வரும்" என்றார். அம்மாவிடமிருந்து பல்லை வாங்கி எறிந்தேன். டிங் என்று ஒரு சத்தம், அப்புறம் உருண்டு எங்கேயோ நின்றது. பல் கோயிலில் பல்லைப் பார்க்காவிட்டாலும் பல்லைக் கொடுத்துவிட்டு வந்தோமே என்று எனக்குக் கொஞ்சம் சமாதானம் ஆயிற்று.

அப்போதுதான் அந்த அம்மாள் அப்பாவை நன்றாகப் பார்த்தார்.

"ஆ, மாத்தையா! அக்கா பாத்தாச்சா?"

மாத்தையா என்றால் ஐயா. அப்பா கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டு நின்றார். அம்மாதான் கேட்டாள், "எந்த அக்காங்க?" என்று.

பூக்கார அம்மாளுக்கு இதில் மறைக்க ஒன்றுமில்லை. போன மாதம் இரண்டு ஞாயிறு இந்த ஐயா தனியாக வந்தார். பூ வாங்கினார், ஆனால் கோயிலுக்குள் போகவில்லை. எதிரே ஏரிச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். தோட்டத்தின் பெயரைச் சொல்லி, அங்கே என் அக்கா இருக்கிறாள், எந்த பஸ் போகும் என்று கேட்டார். பூக்கார அம்மாளும் சொன்னார். அந்த பஸ் இதோ இந்த வழியாகத்தான் போகும், கை காட்டினால் நிற்கும்.

"பஸ் வரும். மாத்தையா நிக்கும். பஸ் போகும். மாத்தையா நிக்கும்" என்று கையை இப்படியும் அப்படியும் ஆட்டிச் சொன்னார். "நாலு பஸ். அப்புறம் பூ எனக்கே குடுத்துப் போயாச்சு. மத்த ஞாயிறும் அதே மாதிரி."

எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவைப் பார்த்தேன், அவள் சிரிக்கவில்லை. ரோடு சரியில்லை, யாரும் இல்லை என்று சொன்ன பொய் வெளியாகிவிட்டது, இப்போது சண்டை வரப்போகிறது என்று காத்திருந்தேன். சண்டையும் வரவில்லை. அம்மா அப்பாவின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பூக்கார அம்மாளிடம், "அடுத்த பஸ்ஸு எப்பங்க?" என்றாள்.

"இப்ப போனா சாயங்கால ரயிலைப் பிடிக்க முடியாது" என்றார் அப்பா.

"நாளைக்கும் ரயில் வருமுங்கள்ல."

"அவ இருக்காளோ இல்லையோ தெரியாது."

"இல்லீன்னா இல்லீன்னு தெரிஞ்சுக்கிட்டு வரலாமுங்க. நாலு பஸ்ஸை விட்டுப்போட்டு உக்காந்திருக்கறதுக்கு அது தேவலாமுங்க."

பூக்கார அம்மாள் ஒரு கொத்து அல்லியைக் காகிதத்தில் சுற்றி, இந்தத் தடவை திருப்பித் தரக்கூடாது என்று சொல்லி, அப்பாவின் கையில் வைத்தார். பஸ் வந்தது. கை காட்டியது அம்மா. நான் முதலில் ஏறினேன், அம்மா அடுத்து. அப்பா ஏறுவாரா என்று நாங்கள் இருவரும் படியில் நின்று பார்த்தோம். ஏறினார்.

இடம் இருந்தும் அவர் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வளைவுக்கு வளைவு ஏரி சின்னதாகிக்கொண்டே போய், கடைசியில் ஒரு கண்ணாடித் துண்டு மாதிரி ஆகி மறைந்தது. அதற்குப் பிறகு தேயிலைதான். மலை முழுக்க ஒரே உயரத்தில் வெட்டிவிட்ட பச்சை. தேயிலை ஃபேக்டரி ஒன்றின் பக்கத்தில் பஸ் எங்களை இறக்கிவிட்டுப் போனது.

எதிரே ஒரு பெட்டிக்கடை. கடைக்காரர் தமிழர், நரைத்த மீசை. அப்பா தன் அப்பாவின் பெயரைச் சொல்லி, அவர் மகள் இங்கே இருக்கிறாரா என்று கேட்டார். கடைக்காரருக்குக் கேட்கவில்லை. இரண்டாம் தடவை சொன்னார். கடைக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அப்பாவையே பார்த்தார்.

"அவரு மூக்கு அப்பிடியே இருக்கே. நீங்க கப்பல்ல போன பையனா?" என்றார். "அக்கா இருக்கு. அந்தா, மேல் லயம், கடைசி வீடு."

லயம் என்பது ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளின் வரிசை. ஒரே நீளக் கூரைக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள். வரிசை தொடங்குகிற இடத்தில் ஒரு தண்ணீர்க் குழாய் இருந்தது. அங்கே வந்ததும் அம்மா நின்றுவிட்டாள். என்னையும் பிடித்து நிறுத்தினாள். அப்பா மட்டும் பூவோடு நடந்தார்.

கடைசி வீட்டுக்கு முன்னால் ஒரு பெண் விறகு பிளந்துகொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். தலையில் துண்டு, இடுப்பில் சொருகிய சேலை. அப்பா பத்தடி தூரத்தில் நின்றார். அவர் நிமிர்ந்து, வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று எனக்குத் தெரியவில்லை. கோடரியைச் சுவரில் சாய்த்து வைத்தார். ஓடி வருவார், கட்டிப்பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் இருந்த இடத்திலிருந்தே சொன்னார்:

"கால கழுவிட்டு உள்ள வா."

விளையாடிவிட்டு வந்த பிள்ளையிடம் சொல்வது போல அவ்வளவுதான் சொன்னார்.

அப்பாவின் காலில் அழுக்கே இல்லை. கோயிலுக்கென்று பாலிஷ் போட்ட ஷூ. ஆனால் அவர் திரும்பி, நாங்கள் நிற்கிற குழாயடிக்கு வந்தார். ஷூவைக் கழற்றினார், சாக்ஸைக் கழற்றினார், பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டினார். ஆயிரக்கணக்கான ஊசிகளுக்கு நடுவில் உடைந்த ஒன்றைப் பிடுங்கி மாற்றுகிற விரல்கள் அன்றைக்குக் குழாயைத் திறக்கத் திணறின. அம்மா திறந்துவிட்டாள். குதிகாலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். பிறகு வெறுங்காலோடு நடந்து போய் அந்த வீட்டுக்குள் நுழைந்தார்.

நானும் போவேன் என்று கையை உருவினேன். அம்மா விடவில்லை. அரை மணி நேரத்துக்கு மேல் என்னைக் குழாயடியிலேயே நிறுத்தி வைத்தாள். அப்பாவின் ஷூவைத் துடைத்தாள். என் கவுனில் இருந்த ரத்தக் கறையை நனைத்துக் கசக்கினாள். மறுபடி ஷூவைத் துடைத்தாள். உள்ளே யாரோ விடாமல் இருமுவது போல ஒரு சத்தம் கேட்டது. அத்தைக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன். அப்பா அழுது நான் அதற்கு முன் கேட்டதில்லை.

உள்ளே என்ன நடந்தது என்பதை அம்மா எனக்குச் சொன்னது பல வருடம் கழித்து, நான் கல்லூரிக்குப் போன பிறகு. நீலகிரிக்கு வந்த குடும்பத்தில் எழுதத் தெரிந்தவர் அப்பா ஒருவர்தான். அக்காவுக்குக் கடிதம் எழுதுவது அவர் வேலை. அவருக்குப் பதினாறு வயதில் அவருடைய அப்பா இறந்துபோனார். அக்காவுக்கு எழுதிப் போடு என்றார் அவர் அம்மா. "அன்புள்ள அக்கா, இங்கு நலம்" என்று எழுதிவிட்டு, அடுத்த வரி எழுத முடியாமல் கிழித்துப் போட்டிருக்கிறார். போட்டுவிட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். மறு வருடம் அவருடைய அம்மாவும் இறந்துபோனார். இப்போது எழுத வேண்டிய செய்தி இரண்டாகிவிட்டது. ஒன்றையே எழுத முடியாதவர் இரண்டை எப்படி எழுதுவார்? அக்காவிடமிருந்து மூன்று கடிதங்கள் வந்தன. மூன்றையும் அவர் பிரிக்கவே இல்லை. திருப்பூருக்கு வேலைக்கு வந்துவிட்டார். நாள் ஆக ஆக, எழுதாமல் விட்டதும் சேர்ந்துகொண்டு, அது தூக்க முடியாத பாரமாகிவிட்டது.

அதைத்தான் அப்பா அன்றைக்கு, முப்பத்தெட்டு வயதில், அக்காவின் முன்னால் தரையில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார். அத்தை கேட்டுவிட்டு, "தெரியும்டா" என்றாராம். நீலகிரியிலிருந்து யாரோ சொந்தக்காரரைப் பார்க்க வந்தவர் வாய்மூலம் இரண்டு சாவும் எப்போதோ அவருக்குத் தெரிந்துவிட்டிருந்தது. பையன் மட்டும் எங்கே போனான் என்று அந்த ஆளுக்கும் தெரியவில்லை.

குழாயடியில் நின்ற எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? பசி. அந்த நேரத்தில்தான் அத்தை வெளியே வந்தார். "அந்தப் புள்ளைய வெயில்ல நிக்க வச்சிருக்கியேம்மா, ஒனக்கு நாயமா இருக்கா? வாங்க உள்ள" என்று அம்மாவை அதட்டினார். அத்தையிடம் அம்மா வாங்கிய முதல் திட்டு அதுதான். அம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது.

அதன் பிறகு அந்த வீடு திருவிழா மாதிரி ஆகிவிட்டது. வரிசையில் இருந்த அத்தனை வீட்டுக்காரர்களும் வந்தார்கள். "என் தம்பி. கப்பல்ல போனான்ல, அவன்" என்று, போன வாரம் போய்விட்டு இந்த வாரம் திரும்பியவனைச் சொல்வது போல அத்தை சொன்னார். மாமா கொழும்புக்கு மகளைப் பார்க்கப் போயிருந்தார். நாளை காலை வந்துவிடுவார், அதுவரை யாரும் கிளம்பக் கூடாது என்று தீர்ப்பாகிவிட்டது. ரொட்டி சுட்டு, மாசிக் கருவாடு போட்ட சம்பல் அரைத்துப் போட்டார்கள். பல் போன ஓட்டையில் காரம் பட்டு நான் துள்ளினேன்.

அம்மா பையைக் கவிழ்த்தாள். டீ-ஷர்ட்டுகள் பாய் நிறையக் கிடந்தன. யார் யார் இருப்பார்கள், எத்தனை பேர், என்ன வயது என்று ஒன்றும் தெரியாமல், எல்லா அளவிலும் வாங்கி வந்ததை அம்மா சொன்னாள். அத்தை ஒரு ஷர்ட்டை எடுத்தார். வெளிப்பக்கம் பார்க்காமல் உள்பக்கம் திருப்பி, ஓரத் தையலை இழுத்துப் பார்த்தார்.

"என் மவ தைக்கிறதும் இதுதான்" என்றார்.

அவர் மகள் கொழும்புப் பக்கம் கார்மென்ட் கம்பெனியில் டெய்லர். இடத்தைச் சொன்னதும் அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். இரண்டு மாதமாக அவர் தினமும் வேலைக்குப் போகிற வேன் அந்தக் கம்பெனி கேட்டைத் தாண்டித்தான் போகிறது. காலையில் உள்ளே போகிற நூற்றுக்கணக்கான பெண்களில் தன் அக்கா மகளும் ஒருத்தி என்று தெரியாமலே பார்த்துக்கொண்டு போயிருக்கிறார். அத்தை அவரைத் திட்டவில்லை. மகளுக்கு ஃபோன் போட்டு, "ஒங்க மாமன் இங்கன உக்காந்திருக்கான், பேசு" என்று அவர் காதில் வைத்தார். அப்பா "அம்மாடி" என்றார். அடுத்து என்ன சொல்வதென்று தெரியாமல், "நீ எந்த மெஷின் ஓட்டுறே?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம்.

ஷர்ட்டுகள் லயத்துப் பிள்ளைகளுக்குப் போயின. டபுள் எக்ஸெல்லுக்கு ஆள் இல்லை. மலைக் குளிர் இறங்கத் தொடங்கியதும் அத்தையே அதைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டார். நெஞ்சில் ஏதோ வெளிநாட்டு மொழியில் பெரிய எழுத்து. அந்தக் கோலத்திலேயே முகம் கழுவி, விளக்கு வைக்கப் போனார்.

சாமிப் படங்களுக்குக் கீழே ஒரு பலகை. அதில் மூன்று அகல்கள் இருந்தன. இரண்டு எண்ணெய் குடித்துக் கறுத்துப் போனவை. மூன்றாவது கவிழ்த்து வைத்திருந்தது, வாங்கிய அன்று இருந்த செம்மண் நிறம் மாறாமல். அத்தை இரண்டில் திரி போட்டு ஏற்றினார். பூக்கார அம்மாள் கொடுத்த அல்லியை இரண்டுக்கும் நடுவில் வைத்தார். கும்பிட்டார். எங்களையும் கும்பிடச் சொன்னார்.

"இது யாருக்கு?" என்று கேட்டேன்.

"ஒன்னு எங்கப்பாவுக்கு. ஒன்னு எங்கம்மாவுக்கு."

"அது?" என்று கவிழ்த்து வைத்ததைக் காட்டினேன்.

அத்தை அப்பாவைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். "அது ஒங்கப்பனுக்கு வாங்குனது, சாமி. மூனும் ஒரே நாள்ல வாங்குனேன். கடுதாசியும் இல்ல, தகவலும் இல்ல, இருந்தா எழுதாமலா இருப்பான், அதையும் ஏத்திருன்னு லயத்துல எல்லாரும் சொன்னாக. எனக்குக் கை வரல. வருசா வருசம் கழுவிக் கழுவிக் கவுத்து வச்சிருவேன்."

அப்பா எழுந்து வெளியே போனார். தண்ணீர் மோட்டார் போட அங்கே வழியில்லை. வாசலில் போய் நின்றுகொண்டார்.

எனக்கோ கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. இவ்வளவு தூரம் ரயிலேறி, பஸ் ஏறி, கால் கழுவி வந்தவர் என் அப்பா. அவருக்கென்று வாங்கிய விளக்கை அவருக்கே ஏற்றாமல் மற்ற இருவருக்கும் மட்டும் ஏற்றுவது என்ன நியாயம்? "எங்கப்பாவுக்கும் ஏத்துங்க!" என்று சத்தம் போட்டுச் சொன்னேன்.

அம்மா பதறி என் வாயைப் பொத்தினாள். வாசலில் நின்ற பெண்கள் "அய்யய்யோ" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அத்தை மட்டும் சிரித்தார். வந்ததிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். அப்புறம் என்னை இழுத்து அந்தப் பெரிய டீ-ஷர்ட்டோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, "ஏத்த மாட்டேன், போடி" என்றார்.

நான் விடுவித்துக்கொண்டு அம்மாவின் மடியில் போய் உட்கார்ந்தேன். அத்தை நல்லவர்தான், ரொட்டியும் நன்றாகச் சுடுகிறார், ஆனால் அவருக்கு எங்கப்பாவை மட்டும் அவ்வளவாகப் பிடிக்காது போலிருக்கிறது என்று அம்மாவின் காதில் சொன்னேன்.